தோள்மீது நின்று பார்த்தவர்கள்: ஷார்த்ர் பேராலயமும் அதன் பள்ளியும்

தாம் சற்றுத் தொலைவு பார்க்க முடிந்தது ராட்சதர்களின் தோள்மீது நின்றதால்தான் என்று ஐசக் நியூட்டன் ஒரு கடிதத்தில் எழுதினார். பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் இதை நாம் பலமுறை கேட்டிருப்போம். ஆனால் அந்த உவமை நியூட்டன் உண்டாக்கியதல்ல. அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே பிரான்ஸ் நாட்டின் ஒரு சிறிய ஊரில் இலக்கணம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர் அதைத் தம் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் பெயர் பெர்னார்ட். ஊரின் பெயர் ஷார்த்ர்.

ஐரோப்பாவின் இடைக்காலத்தை 'இருண்ட காலம்' என்று பாடப்புத்தகத்தில் படித்த தலைமுறை நாம். ரோமப் பேரரசு விழுந்தது, ஆயிரம் ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு மறுமலர்ச்சி வந்தது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த ஆயிரம் ஆண்டுகளுக்குள் போரும் பஞ்சமும் கொள்ளைநோயும் நிறையவே இருந்தன. கூடவே இலக்கியம், சிந்தனை, கட்டடக்கலை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்த ஊர்களும் இருந்தன. அப்படி ஓர் ஊரின் கதை இது.

கோதுமை வயல் நடுவே ஓர் ஊர்

பாரிஸுக்குத் தென்மேற்கே, ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் ஷார்த்ர் வரும். சுற்றிலும் போஸ் எனப்படும் கோதுமைச் சமவெளி. மேடோ மலையோ கிடையாது. அதனால் ஊர் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே, வயல்களுக்கு மேலே பேராலயத்தின் இரண்டு கோபுரங்கள் மட்டும் தெரியத் தொடங்கும்.

இந்த ஆலயத்தின் பெருமைக்கு முதல் காரணம் ஒரு துணி. இயேசுவின் தாய் மரியாள் அணிந்ததாக மக்கள் நம்பிய அந்தத் துணியை 876-ஆம் ஆண்டில் 'வழுக்கைத் தலையர்' என்ற பட்டப்பெயர் கொண்ட சார்லஸ் மன்னர் இங்கே வழங்கினார். அதைக் காண யாத்திரிகர்கள் வந்தார்கள். அவர்களோடு வணிகமும் வந்தது. மரியாளின் திருநாள்கள் நான்குக்கும் ஆலயத்தைச் சுற்றிச் சந்தை கூடியது.

1006-இல் ஃபுல்பெர்ட் என்பவர் இங்கே ஆயரானார். பெரிய படிப்பாளி. ஆலயத்தை ஒட்டி நடந்த பள்ளிக்கு அவர் காலத்தில்தான் பெயர் பரவியது. 1020-இல் ஆலயம் எரிந்துபோனபோது அதை மீண்டும் கட்ட நாலாபக்கமும் கடிதம் எழுதி நிதி திரட்டினார். இங்கிலாந்தையும் டென்மார்க்கையும் ஆண்ட கனூட் மன்னர்கூடப் பணம் அனுப்பினார். அதற்கு ஃபுல்பெர்ட் எழுதிய நன்றிக் கடிதம் இன்றும் இருக்கிறது. அவர் கட்டிய ஆலயம் இன்று இல்லை. ஆனால் அதன் அடியில் அமைத்த நிலவறை அப்படியே இருக்கிறது. பிரான்ஸின் மிகப் பெரிய நிலவறைகளில் அதுவும் ஒன்று. இந்த நிலவறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெர்னார்டின் வகுப்பறை

ஃபுல்பெர்ட்டுக்கு நூறு ஆண்டுகள் கழித்து, 1120-களின் தொடக்கத்தில், பள்ளியின் பொறுப்பு பெர்னார்டிடம் இருந்தது. அவர் எழுதியதில் நமக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அவரைப் பற்றி நாம் அறிவதற்குப் பெருங்காரணம் சாலிஸ்பரி ஊரைச் சேர்ந்த ஜான் என்ற ஆங்கிலேயர். ஜான் பெர்னார்டிடம் நேரே படித்தவர் அல்லர். பெர்னார்டின் மாணவர்களிடம் படித்தவர். 1159-இல் முடித்த 'மெட்டாலாஜிகான்' என்ற நூலில் அந்தப் பழைய வகுப்பறையை விரிவாக விவரித்திருக்கிறார்.

பாடம் இலக்கணம். ஆனால் விதிகளை மட்டும் ஒப்பிக்கும் வகுப்பு அல்ல. பழைய ரோமானியக் கவிஞர் ஒருவரின் பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு, எது சாதாரண வழக்கு, எது அணி, எந்தச் சொல் எங்கே ஏன் பொருந்துகிறது என்று பெர்னார்ட் பிரித்துக் காட்டுவார். எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்கமாட்டார், கேட்பவரின் கொள்ளளவைப் பார்த்துக் கொடுப்பார். முந்தைய நாள் கேட்டதில் கொஞ்சமாவது மறுநாள் மாணவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் உரைநடையோ செய்யுளோ ஏதாவது எழுத வேண்டும். யாராவது பழைய புலவரின் வரியை உருவித் தன் கவிதையில் ஒட்டுப்போட்டிருந்தால் பெர்னார்ட் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அதற்குப் பெரும்பாலும் தண்டனை தரமாட்டார். பழையவர்களைப் பார்த்து எழுதுவதிலும் ஒரு முறை உண்டு என்று எடுத்துச் சொல்லி, பின்னால் வருகிறவர்கள் தன்னைப் பார்த்து எழுதும்படி எழுது என்பாராம்.

அவருடைய உவமையின் பொருளும் இதுதான். நாம் குள்ளர்கள், நமக்கு முன்னிருந்தவர்கள் ராட்சதர்கள். ஆனாலும் அவர்களைவிட நமக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. நம் கண் கூர்மையானது என்பதால் அல்ல, நாம் உயரமானவர்கள் என்பதாலும் அல்ல. அவர்கள் நம்மைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பணிவும் துணிவும் ஒன்றாகச் சேர்ந்த பேச்சு இது. முன்னோர் பெரியவர்கள் என்று ஒப்புக்கொள்கிறது. அதே மூச்சில், அவர்கள் பார்க்காததை நாம் பார்க்க முடியும் என்றும் சொல்கிறது.

அந்தத் துணிவை அடுத்த தலைமுறையில் காட்டியவர் தியெரி. 1140-களில் ஷார்த்ரில் பொறுப்பில் இருந்தவர். உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்ற விவிலியப் பகுதிக்கு அவர் ஓர் உரை எழுதினார். கடவுள் நான்கு பூதங்களைப் படைத்தார். அதன் பிறகு நெருப்பின் வெப்பம் நீரை ஆவியாக்கியது, நீர் குறையக் குறைய நிலம் தலைகாட்டியது என்று படிப்படியாக இயற்கைக் காரணங்களைக் கொண்டே விளக்கினார். இன்றைய அறிவியல் அல்ல அது. ஆனால் 'கடவுள் செய்தார்' என்பதோடு நிற்காமல் 'எப்படி நடந்திருக்கும்' என்று கேட்ட மனம் அது.

இந்த ஆசிரியர்களில் சிலர் ஷார்த்ரைவிடப் பாரிஸிலேயே அதிகம் கற்பித்திருக்கலாம் என்று ஆர். டபிள்யூ. சதர்ன் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் 20-ஆம் நூற்றாண்டில் வாதிட்டார். 'ஷார்த்ர் பள்ளி' என்று ஒரே பெயரில் எல்லாரையும் அடைக்கும் வழக்கம் அதற்குப் பிறகு கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் தியெரி தம் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தது இந்த ஊருக்குத்தான். 'ஹெப்டாட்யூக்கான்' என்ற பெயரில், ஏழு கலைகளுக்கும் படிக்க வேண்டிய நாற்பதுக்கும் மேற்பட்ட நூல்களை இரண்டு பெரிய தொகுதிகளாகத் திரட்டி, ஷார்த்ர் ஆலயத்துக்கு விட்டுச்சென்றார்.

கதவுக்கு மேலே ஒரு பாடத்திட்டம்

இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். இவைதான் அந்த ஏழு கலைகள். தியெரி காலத்தில்தான், சுமார் 1145-க்கும் 1155-க்கும் இடையில், ஆலயத்தின் மேற்கு வாசலில் மூன்று கதவுகளைச் சுற்றிச் சிற்பங்கள் செதுக்கப்பட்டன. வலப்பக்கக் கதவின் மேல் வளைவில் மரியாளைச் சுற்றி ஏழு கலைகளும் ஏழு பெண்களாக அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தியின் கீழேயும், அந்தக் கலையில் பெயர்பெற்ற பழைய அறிஞர் ஒருவர் மடியில் பலகை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

இலக்கணம் ஒரு கையில் புத்தகமும் மறுகையில் பிரம்புமாக இருக்கிறாள். காலடியில் இரண்டு பையன்கள். ஒருவன் படிக்கிறான், மற்றவன் அவன் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறான். தர்க்கத்துக்குக் கீழே இருப்பவர் அரிஸ்டாட்டில் என்பார்கள். சிறிய சுத்தியலால் மணிகளைத் தட்டும் இசைக்குக் கீழே பித்தாகரஸ். இருவருமே கிறிஸ்து பிறப்பதற்கு நூற்றாண்டுகள் முன்பு வாழ்ந்த கிரேக்கர்கள். அவர்களுக்கு ஒரு பேராலயத்தின் தலைவாசலில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதிலேயே அந்தப் பள்ளியின் மனம் தெரிகிறது.

1194, ஜூன் 10

அன்று இரவு ஊரில் பிடித்த தீ ஆலயத்தையும் பிடித்தது. ஃபுல்பெர்ட்டின் ஆலயம் ஏறக்குறைய முழுதும் போயிற்று. துணியும் எரிந்துவிட்டது என்று ஊரே அழுதது. துணி இல்லையென்றால் யாத்திரிகர் இல்லை, சந்தை இல்லை, ஊரே இல்லை. மூன்றாம் நாள் குருமார்கள் சிலர் துணிப்பேழையோடு வெளியே வந்தார்கள். தீ பரவியபோது அவர்கள் அதை எடுத்துக்கொண்டு நிலவறையின் உட்பகுதிக்குள் புகுந்து தப்பியிருந்தார்கள்.

தப்பியது இன்னும் இரண்டு. ஒன்று, மேலே சொன்ன மேற்கு வாசலும் அதன் இரு கோபுரங்களும். மற்றொன்று, ஃபுல்பெர்ட்டின் நிலவறை. புதிதாகக் கட்டியவர்கள் இரண்டையும் இடிக்கவில்லை. நிலவறையின் சுவர்களையே அடித்தளமாகக் கொண்டு அதன்மேல் எழுப்பினார்கள். ஆலயத்தின் நடுக்கூடம் ஏறக்குறைய 16 மீட்டர் அகலம். அந்தக் காலத்துக்கு அசாதாரணமான அகலம் அது. அதை முடிவுசெய்தது 1194-இன் கட்டடக் கலைஞர் அல்லர், 170 ஆண்டுகளுக்கு முன் ஃபுல்பெர்ட் போட்ட அடித்தளம். பெர்னார்டின் உவமையைக் கல்லிலேயே கட்டிவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

சுவரைக் கண்ணாடியாக்கியது எப்படி?

பழைய முறையில் கல் கூரையின் பாரத்தைச் சுவர் முழுதும் தாங்க வேண்டும். ஆகவே சுவர் தடிமனாகவும் ஜன்னல் சிறியதாகவும் இருக்கும், உள்ளே இருட்டு. 12-ஆம் நூற்றாண்டில் பாரிஸைச் சுற்றியுள்ள பகுதியில் இதை மாற்றினார்கள். சுஜே என்ற மடாதிபதி செயின்ட் டெனிஸில் கட்டிய பகுதி 1144-இல் அர்ச்சிக்கப்பட்டது. புதிய பாணிக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள்.

இதன் சூட்சுமம் மூன்று. முதலாவது, அரைவட்ட வளைவுக்குப் பதிலாகக் கூர்முனை வளைவு. இது பாரத்தைப் பக்கவாட்டில் குறைவாகவும் கீழ்நோக்கி அதிகமாகவும் தள்ளும். இரண்டாவது, கூரையின் அடியில் எலும்புக்கூடு போல ஓடும் கல் விலாக்கள். இவை பாரத்தைத் தூண்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மூன்றாவது, ஆலயத்துக்கு வெளியே நின்று, காற்றில் பாலம்போல் வளைந்து, சுவரின் மேற்பகுதியைத் தாங்கிப் பிடிக்கும் முட்டு வளைவுகள். பாரம் முழுதும் தூண்களுக்கும் முட்டுகளுக்கும் போய்விட்டால் நடுவில் உள்ள சுவருக்கு வேலையே இல்லை. அதை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைக்கலாம்.

முட்டு வளைவை ஷார்த்ர் கலைஞர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அதை முழுமையாக நம்பினார்கள். சுவரைத் தாங்குவதற்காக முன்பெல்லாம் வைத்த இடைமாடத்தை அடியோடு விட்டுவிட்டு, மேல் ஜன்னல்களைக் கீழ்த்தள வளைவுகளுக்கு ஏறக்குறையச் சமமான உயரத்துக்கு இறக்கினார்கள். கூரை தரையிலிருந்து சுமார் 37 மீட்டர், இன்றைய பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உயரம். கல் சுமார் 10 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெர்ஷேர் சுரங்கத்திலிருந்து வண்டியில் வந்தது. 1221-இல் குருமார்கள் புதிய கட்டடத்தில் தங்கள் இருக்கைகளில் அமர்ந்துவிட்டார்கள். பல பேராலயங்கள் நூறு, இருநூறு ஆண்டுகள் இழுத்தன. இங்கே முக்கிய வேலை முப்பது ஆண்டுக்குள் முடிந்தது. 1260-இல் நடந்த அர்ச்சிப்புக்கு ஒன்பதாம் லூயி மன்னரே வந்தார்.

பணம் யார் கொடுத்தது?

ஆயரும் ஆலயக் குருமார் குழுவும் தங்கள் வருமானத்தில் பெரும்பகுதியை மூன்று ஆண்டுகளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். மராமத்து நிதி கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கிய எந்தச் சங்கப் பொருளாளரும் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார். மன்னர்களும் பிரபுக்களும் ஜன்னல்களுக்குக் கொடுத்தார்கள்.

சுமார் 176 ஜன்னல்களில் பெரும்பாலானவற்றில் 13-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடியே இன்னும் இருக்கிறது. கீழ்வரிசை ஜன்னல்கள் பலவற்றின் அடிப்பகுதியில் ரொட்டி சுடுபவர், செருப்புத் தைப்பவர், தச்சர், கொத்தனார், தண்ணீர் சுமப்பவர், நாணயம் மாற்றுபவர் என்று ஊரின் தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். தொழிற்குழுக்கள் மனமுவந்து கொடுத்த அன்பளிப்பு என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஜேன் வெல்ச் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் அதை மறுத்தார். குருமார்கள் தங்களுக்குக் கீழ்ப்பட்ட உழைப்பாளிகளைத் தாங்கள் விரும்பியபடி வரைந்துகொண்டார்கள் என்பது அவர் வாதம். ஊரில் எல்லாம் இணக்கமாக இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. வணிகர்களிடம் வரி வாங்கும் உரிமை ஊரை ஆண்ட பிரபுவுக்கா குருமார்களுக்கா என்று ஓயாத வழக்கு. 1210-இல் ஊர்மக்கள் குருமார் தலைவரின் வீட்டையே தாக்கினார்கள். மன்னர் தலையிட்டு அபராதம் விதிக்க வேண்டியதாயிற்று. அந்த அழகிய நீலக் கண்ணாடிகள் பொருத்தப்பட்டது இத்தகைய சண்டைகளுக்கு நடுவில்தான்.

எழுத்தறியாத மக்களுக்கு அந்த ஜன்னல்களே இலக்கியமும்கூட. சார்லமேன் ஜன்னலில், பாடகர்கள் ஊர் ஊராகப் பாடிய ரோலண்டின் வீரக்கதை வருகிறது. சாகும் தறுவாயில் கொம்பு ஊதுகிறான், வாளைப் பாறையில் வெட்டுகிறான். அதன் அடியில் உரோம வியாபாரி ஒருவர் வாடிக்கையாளருக்கு அங்கியை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

உவமை கண்ணாடியில்

தெற்குப் பக்கத்தில் பெரிய ரோஜா வடிவ ஜன்னலுக்குக் கீழே ஐந்து நெடிய ஜன்னல்கள். நடுவில் குழந்தையோடு மரியாள். மற்ற நான்கிலும் விசித்திரமான காட்சி. பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் நால்வர் பெரிய உருவமாக நிற்கிறார்கள். அவர்கள் தோள்மீது, குழந்தைகளைத் திருவிழாவில் தூக்கி வைத்ததுபோல, புதிய ஏற்பாட்டின் சுவிசேஷகர் நால்வரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எரேமியாவின் தோளில் லூக்கா, ஏசாயாவின் தோளில் மத்தேயு, எசேக்கியேலின் தோளில் யோவான், தானியேலின் தோளில் மாற்கு.

பெர்னார்டின் சொல்லை நினைத்துத்தான் வரைந்தார்கள் என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது. ஆனால் அந்தச் சொல்லை எழுத்தில் காப்பாற்றிய சாலிஸ்பரி ஜான் 1176 முதல் 1180 வரை இதே ஷார்த்ரின் ஆயராக இருந்தார், தம் புத்தகங்களை இந்த ஆலயத்துக்கே விட்டுச்சென்றார். இந்த ஜன்னல்கள் வந்தது அதற்குச் சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து.

இதில் ஒரு முரண். ஜன்னல் வந்தபோது பள்ளியின் புகழ் மங்கிவிட்டது. மாணவர்கள் பாரிஸுக்குப் போய்விட்டார்கள், அங்கே பல்கலைக்கழகம் உருவாகியிருந்தது. நாம் இன்று போற்றும் கட்டடம் எழுந்தது பள்ளி ஓய்ந்த பிறகுதான்.

எது எரிந்தது, எது நின்றது

அதற்குப் பிறகும் ஆலயம் தீயிலிருந்து தப்பவில்லை. 1506-இல் இடி விழுந்து வடக்குக் கோபுரத்தின் மர உச்சி எரிந்தது. ஜான் டி போஸ் என்ற கலைஞர் கல்லில் புதிய உச்சி கட்டினார். இரண்டு கோபுரங்களும் ஜோடி சேராமல் நிற்பதற்கு இதுவே காரணம். 1836-இல் கூரையில் பழுதுபார்த்தவர்களின் கவனக்குறைவால் மேற்கூரையின் மரச்சட்டம் முழுதும் எரிந்தது. கீழே கல் வளைவுக் கூரை தாங்கிக்கொண்டது. மரத்துக்குப் பதில் அந்தக் காலத்துப் புதுமையான வார்ப்பிரும்புச் சட்டத்தை வைத்தார்கள்.

1939-இல் போர் வருவது தெரிந்ததும் ஜன்னல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். 1944 ஆகஸ்டில் கோபுரத்தில் ஜெர்மானியர் ஒளிந்திருப்பதாகச் சந்தேகப்பட்ட அமெரிக்கப் படை அதைக் குண்டு வைத்துத் தகர்க்க இருந்தது. வெல்பர்ன் கிரிஃபித் என்ற கர்னல் தாமே உள்ளே போய்ப் பார்த்து யாருமில்லை என்று சொல்லித் தடுத்தார். அதே நாளில், பக்கத்து ஊரில் நடந்த சண்டையில் அவர் இறந்தார்.

ஆலயம் தப்பியது. புத்தகங்கள் தப்பவில்லை. கையெழுத்துப் பிரதிகளும் போர் தொடங்கியதும் பாதுகாப்பான இடத்துக்குத்தான் போயின. ஆனால் பிறகு ஊருக்கே திருப்பிக் கொண்டுவரப்பட்டிருந்தன. 1944 மே 26 அன்று விழுந்த குண்டுகளில் நகர நூலகம் எரிந்தது. எண்ணூறு ஆண்டுகள் பத்திரமாக இருந்த தியெரியின் இரண்டு தொகுதிகளும் அதில் போயின. முன்பே யாரோ பொறுமையாக எடுத்து வைத்திருந்த புகைப்படச் சுருள்களால்தான் அவற்றில் என்ன இருந்தது என்று இன்று படிக்க முடிகிறது. கருகிச் சுருண்ட மற்றப் பிரதிகளின் துண்டுகளை அறிஞர்கள் இப்போதும் ஒவ்வொன்றாகப் பிரித்து அடையாளம் கண்டுவருகிறார்கள்.

கல்லும் நிற்கும் என்று உறுதியில்லை, ஏடும் நிற்கும் என்று உறுதியில்லை. ஒவ்வொரு முறையும் ஒருவர் பேழையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார், ஒருவர் வகுப்பில் கேட்டதை எழுதி வைத்திருக்கிறார், ஒருவர் ஜன்னலைக் கழற்றியிருக்கிறார், ஒருவர் படம் எடுத்து வைத்திருக்கிறார். ராட்சதர்கள் நம்மைத் தூக்கி வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அவர்கள் கீழே விழாமல் பார்த்துக்கொள்வது தோள்மேல் இருக்கிறவர்களின் வேலை.

வெளிநாட்டில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் குடியிருப்பினர் யாராவது பாரிஸ் வழியாகச் சென்றால் ஷார்த்ருக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். மூன்றைத் தவறவிடாதீர்கள்: மேற்கு வாசலின் வலப்பக்கக் கதவில் தலைமயிர் இழுக்கும் பையன், தெற்குப் பக்கம் தோளில் அமர்ந்த நால்வர், அடியில் ஃபுல்பெர்ட்டின் நிலவறை. வெயில் உள்ள நாளாகப் பாருங்கள். அந்த நீலம் வெயிலில்தான் முழுதாகத் தெரியும்.